பகல் கரண்டு

— ஏணிய அங்க எங்கடா தூக்கிட்டுப் போற? இங்க சாத்து, இந்த ஜன்னல் பக்கம். ஏறி ஒவ்வொண்ணா கழட்டிக் கீழ எறக்கு.

— பொறுமைக்கா, பொறுமை. இது என்ன கொடியில காயிற துணியா, மழ வந்துருச்சின்னு ஓடிப்போயி உருவறதுக்கு? நாலு பேரு வேணும். கூரையில கம்பி அடிச்சு, போல்ட்டு போட்டு முறுக்கி வச்சிருக்கோம்.

— ஏத்தும்போது நாலு பேரோட வந்தல்ல? இப்பவும் கூப்புடு. சோலார் கம்பெனியில நான்தான் சூப்பர்வைசருன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே.

— கூப்புட்டா வருவானுங்க. ஆனா பொறவு என்னா ஆவும்னு கேளு. ஒன் வீட்டு ஓடு அந்தக் காலத்து ஓடு. ஏத்தும்போதே ஒடஞ்சுது, பாத்தல்ல? எறக்குனா அதவிட ஒடையும். மழ பேஞ்சா வீட்டுக்குள்ள கொட புடிச்சிக்கிட்டுத்தான் சோறாக்கணும். மீட்டர வேற மாத்தியிருக்காங்க, அதுக்குத் திரும்ப எழுதிக் குடுக்கணும். கேரண்டி போயிரும். கழட்டுன பேனல எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான்லா.

— ஒழுகட்டும். நான் கொட புடிச்சிக்கிறேன். இந்தப் பலகைங்க என் தலைக்கு மேல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

— என்னாக்கா நடந்துச்சு? பாயான் லெப்பாஸ்ல ஒரு வீட்டுக் கூரையில பாதி வேலைய விட்டுட்டு ஓடியாந்திருக்கேன். போன எடுத்தா நீ பேசவே இல்ல, கத்துற. இன்னிக்கு வேலைக்குப் போவலயா? ஒடம்பு சரியில்லயா?

— ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. லீவு போட்டேன். நீ அத வுடு. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. இந்த வீட்டுல பகல்ல யாருடா இருக்கா?

— என்னாக்கா கேள்வி இது?

— சொல்லு. காலையில இருட்டுல ஃபேக்டரி பஸ் ஏறுனா நான் திரும்ப வந்து காலு கழுவுறப்போ மறுபடி இருட்டு. ஒன் மச்சான் லோரிய எடுத்துட்டுப் போனா ஜாமான் எறக்கி முடிச்சு சாயங்காலம்தான் வருவாரு. மக ரூபினி கல்யாணம் கட்டித் தாசேக் கெலுகோர் போயாச்சு. மிச்சம் இருக்குறது செவத்துல ரெண்டு பல்லி. பல்லிக்கு எதுக்குடா சோலாரு?

— இத நானும் மச்சான்கிட்ட சொன்னேன்கா. சத்தியமா சொன்னேன்.

— என்னா சொன்ன? எனக்கும் சொல்லு, கேட்டுக்கிறேன். சத்தமா சொல்லு, இந்த ஏர்கான் எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல.

— ஆமா, ஏர்கான் ஓடுதே. ரூம்புல யாரு?

— நான்தான் போட்டு வச்சிருக்கேன். பகல்லதான் ஓட்டணும்னு நீதானே பாடம் எடுத்த? நீ விசயத்துக்கு வா.

— வந்து... மச்சான், இது பகல் கரண்டு. வெயில் அடிக்கிறப்போ வரும், அப்பவே செலவு பண்ணிரணும். பண்ணலன்னா வெளிய கரண்டு கம்பெனி லைனுக்குப் போயிரும், வெளிய போறதுக்கு பில்லுல கொறச்சலாத்தான் கழிச்சிக் குடுப்பாங்க. ராத்திரிக்குச் சேத்து வைக்கணும்னா பேட்டரி வேணும், பேட்டரி வெலைக்கு இன்னொரு தடவ சோலாரே போடலாம். ஒங்க வீட்டுல பகல்ல ஆளே இல்ல, ஃபேனு, ஏர்கான், வாஷிங் மெஷின் எல்லாம் ராத்திரிலதான் ஓடுது. போட்ட காச எடுக்கவே பதிமூணு பதினாலு வருசம் ஆவும், வேணாம் மச்சான்னேன். நம்ம ஆளாச்சேன்னு சொன்னேன்கா. வேற வீடா இருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?

— அதுக்கு அவரு?

— போடுன்னாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். மச்சான் எப்போ ரெண்டு வார்த்த பேசியிருக்காரு?

— கேட்டுக்க. இந்த மனுசன் யாரு தெரியுமாடா? கேளு, கேளு. குளிக்கிறப்போ லைட்டு போட மாட்டாரு, ஒடம்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பாரு. நான் தூங்கிட்டேன்னு தெரிஞ்சா ஃபேன் ஸ்பீட ஒண்ணுக்குக் கொண்டாந்துருவாரு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனா தண்ணீர்ப்பந்தல்ல போனுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அப்படிப்பட்டவரு சேமநிதியில இருந்து இருபத்திரெண்டாயிரம் வெள்ளி எடுத்து, காலி வீட்டுக் கூரையில கொட்டுறாரு. நீயும் வாய மூடிக்கிட்டு ஏத்திட்டுப் போற. ஒனக்கு ஒரு சந்தேகம் வரல?

— வந்துச்சு.

— என்னா சந்தேகம்?

— அக்கா, மெதுவா பேசு. பக்கத்து வூட்டுல நோர்மா இருக்கா.

— இருக்கட்டும். அவதான் எனக்குக் கண்ணத் தொறந்து வுட்டவ. அவளுக்கு நான் மால வாங்கிப் போடணும்.

— நோர்மா என்ன பண்ணுனா?

— ஞாயித்துக்கெழம வாச கேட்டுப் பக்கம் வந்து நிக்கிறா, ஒரு தட்டு குய் பலகாரத்தோட. காக் குணா, தெரிமா காசின்னு நன்றி சொல்றா. எதுக்குடின்னேன். ஒங்க ஏர்கான் பொட்டியில இருந்து வர்ற அனல் காத்து எங்க கொடி மேலதான் வீசுது, நாலு மாசமா எம்புள்ளைங்க ஜீன்ஸெல்லாம் மத்தியானத்துக்குள்ள காஞ்சிருதுங்கிறா. சண்ட போட வந்திருந்தாகூட எனக்கு இவ்வளவு அசிங்கமா இருந்திருக்காதுடா. பகல்ல எங்க வீட்டு ஏர்கான் எப்படி ஓடும்னு கேட்டேன். ஏன், நீங்க வேலைய விட்டுட்டீங்கன்னுல்ல நான் நெனச்சேன், உள்ள பொம்பள இருமுற சத்தம் கேக்குமேங்கிறா. நான் அவ குடுத்த குய்ய வாயில வச்சுக்கிட்டு முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம நின்னேன்.

— அதுக்கு நீ என்னா சொன்ன?

— ஆமா, எனக்குத்தான் இருமலுன்னேன். வேற என்னத்த சொல்ல? முப்பது வருசம் குடும்பம் நடத்துன பொம்பள, என் வீட்டுல யாரு படுத்திருக்கான்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?

— மச்சான்கிட்ட கேட்டியா?

— அவரு வாயத் தொறந்து பதில் சொல்ற ஆளா? அதான் ஒன்ன வரச் சொன்னேன். இன்வெர்ட்டர பாக்கணும், வயர பாக்கணும்னு நீ பகல்ல வந்து போயிருக்க, அதையும் நோர்மா சொல்லிட்டா. அப்போ ஒனக்குத் தெரியும். யாருடா அவ?

— அக்கா...

— சின்ன வீடா?

— சேச்சே, என்னாக்கா பேசுற? மச்சானப் பாத்தா அந்த மாதிரியா தெரியுது?

— பாத்தா எவனும் தெரிய மாட்டான். நான் வேர்க்க வேர்க்க லைன்ல நின்னு சம்பாதிச்சுப் போட்ட வீட்டுல, நான் வாங்குன மெத்தையில, எவளோ ஒருத்தி குளுகுளுன்னு படுத்து எந்திரிச்சிப் போறா. கூடப் பொறந்த தம்பி அவளுக்கு ஓசி கரண்டு இழுத்துக் குடுத்திருக்கான். பேர சொல்லு. சொல்லலன்னா இப்பவே துணிமணிய எடுத்துக்கிட்டு ரூபினி வீட்டுக்குப் போறேன். பொறவு ஒங்க மச்சானும் நீயும் சேந்து இந்தக் கூரையில வடாம் காயப் போடுங்க.

— நான் சொன்னேன்னு மச்சான்கிட்ட சொல்லக் கூடாது.

— பேர சொல்லு.

— லோகேஸ்வரி அக்கா.

— கேக்கல.

— லோகேஸ்வரி அக்காலா. மச்சானோட சொந்த அக்கா. போதுமா?

— இன்னொரு தடவ சொல்லு.

— எதுக்குக்கா இப்படிப் படுத்துற? லோகேஸ்வரி அக்கா, லோகேஸ்வரி அக்கா. ஒன் நாத்தனா. நீ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனியே, அவங்கதான். இப்ப என்னா செய்யப் போற?

— அவளுக்கு இங்க என்னா வேல?

— வேல இல்லக்கா, வியாதி. கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். அவங்க இருக்குற அக்கரையில, பட்டர்வொர்த் பக்கம், செலவு கொறச்ச எடத்துல எல்லாம் பெரிய க்யூ. இந்தக் கரையில ஒரு தர்ம செண்டர்ல எடம் கெடச்சுது. விடிஞ்சும் விடியாம ஃபெரி புடிச்சு வரும். ரத்தத்த சுத்தம் பண்ணி முடிச்சு எந்திரிச்சா தல சுத்தும், வாந்தி வரும், நிக்கக்கூட முடியாது. பாகான் டாலாம்ல அவங்க ஃப்ளாட்டு நாலாவது மாடி, லிப்டு இல்ல. கைத்தாங்கலா தூக்கிட்டுப் போக மவன் வேல முடிஞ்சு வரணும். அதுவரைக்கும் எங்க போவும்? மச்சான் லோரியில ஏத்தியாந்து இங்க வுட்டுட்டு, டெலிவரிக்குப் போயிட்டு, சாயங்காலம் ஃபெரியில கொண்டு போயி வுடுவாரு. நீ வர்றதுக்குள்ள படுக்கையத் தட்டி, ஜன்னலத் தொறந்து வச்சிருவாரு.

— நீ எப்போ பாத்த?

— வயரு பாக்க வந்தப்போதான். மச்சான் குடுத்த சாவியில தொறந்தேன், ரூம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. போத்திக்கிட்டுச் சுருண்டு கெடந்துச்சு. நான் யாரோ சின்னப் புள்ளையாக்கும்னு நெனச்சேன். அவ்வளவு மெலிஞ்சு போச்சுக்கா. என்னப் பாத்ததும் எந்திரிச்சு ஒக்காந்து, குணாகிட்ட சொல்லிராத தம்பி, நான் ஒண்ணயும் தொடல, அடுப்படிப் பக்கம்கூடப் போவலன்னுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

— ஒரு மாதிரின்னா?

— பாவமா இருந்துச்சு.

— பாவம். ஒனக்குப் பாவமா இருந்துச்சு. ஏண்டா, அன்னிக்கு மாமியா கருமாதியில நீயும்தான பந்தியில ஒக்காந்திருந்த? அவ என்னா சொன்னா?

— பழைய கதைய ஏன்கா கெளர்ற?

— எனக்கு அது பழசு ஆவலடா. ஒம்போது வருசமா தெனம் புதுசாத்தான் இருக்கு. சொல்லு, என்னா சொன்னா?

— அத என் வாயால சொல்லணுமா?

— ஒன் வாயாலதான் சொல்லணும். நான் சொன்னா நான் கூட்டிச் சொல்றேன்னு ஆயிரும்.

— தண்ணி தண்ணின்னு கேட்டுக் கேட்டே எங்கம்மா நாக்கு ஒட்டிச் செத்துச்சு, ஒரு வாய் தண்ணி ஊத்த நாதியில்ல, மருமக ஓவர்டைம் பாக்கப் போயிட்டா... அப்படின்னுச்சு.

— எல்லாரும் சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்க ஃபேக்டரி லைன்ல இருந்து எத்தன பேரு வந்திருந்தாங்க. கையில எடுத்த சோத்த அப்படியே எலையில வச்சுட்டு என்னப் பாத்தாளுங்க. அதுக்கப்புறம் கேண்டீன்ல நான் தண்ணி குடிச்சாகூட எவளாவது பாக்குறாளோன்னு இருக்கும். கேளு, கேளு. இன்னிக்கு நீ கேட்டே ஆவணும். பக்கவாதத்துல கெழவிக்குத் தொண்ட வேல செய்யல. ஆஸ்பத்திரியில டாக்டர் என்னையும் ஒன் மச்சானையும் நிக்க வச்சு சொன்னாரு. பச்சத் தண்ணி குடுக்காதீங்க, குடுத்தா நெஞ்சுக்குள்ள எறங்கிரும், நீங்களே கொன்ன மாதிரி ஆயிரும்னாரு. மாவு போட்டுக் கெட்டியாக்கி ஸ்பூன்ல ஊட்டச் சொன்னாரு. அந்தக் கஞ்சிய அது துப்பும். துப்பிட்டு, குணா தண்ணி, குணா தண்ணின்னு என் கையப் புடிச்சுக் கெஞ்சும். பஞ்ச நனைச்சு ஒதட்டுல வைப்பேன். பஞ்சையே உறிஞ்சப் பாக்கும். நான் பின்னால சிங்க்குல போயி பைப்பத் தொறந்து வுட்டுட்டு அழுவேன், நான் அழுவுறது அதுக்குக் கேக்கக் கூடாதுன்னு. பைப்பு சத்தம் கேட்டு அது இன்னும் கேக்கும்.

— இத நீ யார்கிட்டயும் சொன்னதில்லயேக்கா.

— யார்கிட்ட சொல்ல? அக்காகிட்ட நீங்க சொல்லிருங்கன்னு ஒன் மச்சான்கிட்டதான் சொல்லி வச்சேன். அவரு அக்கா, அவரு சொன்னாத்தான் எடுபடும். சரின்னாரு. சொல்லல. கெழவி செத்தப்போ நான் ஓவர்டைம்லதான் இருந்தேன், இல்லங்கல. எதுக்கு இருந்தேன்? ஒன் மச்சானுக்கு அப்போ வேல இல்ல. பெரியவங்களுக்குக் கட்டுற பேம்பர்ஸ் என்னா வெலன்னு அவளுக்குத் தெரியுமா? மகன்காரன் வீட்டுல இருந்தான், மகன் பக்கத்துல இருக்கும்போதுதான் உசுரு போச்சு. அத ஏன் சொல்லல? மருமக பேரு மட்டும் எப்படி வாயில வந்துச்சு?

— அன்னிக்கு மச்சான் பக்கத்துலதான நின்னாரு. ஏன் ஒண்ணும் சொல்லல?

— ரச வாளியத் தூக்கிட்டு நின்னாரு. நான் அவரையே பாத்தேன். இப்ப சொல்லுவாரு, டாக்டர் சொன்னத இப்ப சொல்லுவாருன்னு பாத்தேன். அவரு அடுத்த எலைக்குப் போயி ரசம் ஊத்துனாரு. அதுக்குத்தாண்டா நான் சூடம் அணைச்சேன். அவ வரக் கூடாதுன்னு அவளுக்காக மட்டும் அணைக்கல. இந்த மனுசன் என்னைக்காவது ஒரு நாளு, வரட்டும் குணா, நடந்தது இதுதான்னு அவகிட்டயும் சொல்லி, என்கிட்டயும் சொல்லி, வாயத் தொறந்து ஒரு வழி பண்ணுவாருன்னு அணைச்சேன். ஒம்போது வருசம். பண்ணல.

— லோகேஸ்வரி அக்காவுக்கு டாக்டர் சொன்னது தெரியவே தெரியாதா?

— யாரு சொன்னா தெரியறதுக்கு?

— இப்ப அந்தக்காவே தண்ணிக்கு அலையுதுக்கா. கிட்னி போனா தண்ணிய அளந்துதான் குடிக்கணும். ஒரு சின்ன போத்தலு, நாள் முழுக்க அதுதான். மீறிக் குடிச்சா மூச்சு முட்டும், நெஞ்சுல நீர் கோத்துக்கும். நான் பாத்த அன்னிக்கு ஐஸ் கட்டி ஒண்ண வாயில போட்டுச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் ஒரு க்ளாஸ் குடிங்கக்கான்னு நான் தெரியாம ஊத்திக் குடுக்கப் போயி, கையெடுத்துக் கும்புட்டுச்சு. வேணாம் தம்பி, கண்ணுல காட்டாதன்னுச்சு.

— அப்போ இப்ப தெரியும். தாகத்துல ஒரு மனுசன் கேட்டாலும் குடுக்கக் கூடாத நேரம்னு ஒண்ணு இருக்குன்னு இப்ப அவளுக்குத் தெரியும். கேக்குறவ பாடு பெருசுதான், நான் இல்லங்கல. குடுக்காம நிக்கிறவ பாடு என்னான்னு அவ யோசிக்கட்டும். அவ மவன் இன்னிக்கு அவளுக்குத் தண்ணி குடுக்காம இருக்கானே, நாளைக்கு யாராவது வந்து பந்தியில நின்னு, நீதான் ஒங்கம்மாவ நாக்கு ஒட்டக் கொன்னன்னு சொன்னா அவன் என்னா ஆவான்? அதத்தான் என்னப் பாத்து சொன்னா. அந்த வார்த்தைய அவ எடுத்துக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— நீ கத்துறது அடுத்த தெருவுக்கே கேக்கும்கா.

— கேக்கட்டும். எனக்கு இப்ப எதுல ஆத்திரம்னு நெனைக்கிற? அவ வந்தது இல்லடா. இந்தப் பலகைங்க. மொத மாசம் பில்லு ஏறுனப்போ நான் கத்துனேன், என்னா இவ்வளவு வருதுன்னு. ஒன் மச்சான் என்னா செஞ்சாரு தெரியுமா? ஐஸ்பெட்டி பழசு, அதான் இழுக்குதுன்னு புதுசு வாங்குனாரு. அடுத்த மாசமும் எறங்கல. அதுக்கு ஒன்னப் புடிச்சு சோலாரு. பகல்ல அவளுக்கு ஓடுற ஏர்கான் என் பில்லுல தெரியக் கூடாது, அதுக்கு இருபத்திரெண்டாயிரம் வெள்ளி. குணா, அக்காவுக்கு ஒடம்பு முடியல, இங்க படுத்துட்டுப் போவட்டுமான்னு ஒரு வார்த்த கேக்க எத்தன காசுடா ஆவும்?

— பயம்கா. ஒன்ன நெனச்சு பயம்.

— என்னா பயம்? நான் என்னா பேயா? கூரையில பத்து பலகைய ஏத்துறது சுளுவா இருக்கு, பொண்டாட்டி மொகத்தப் பாத்துப் பேசுறது கஷ்டமா இருக்கு. நீங்க மூணு பேரும் சேந்து என்ன எப்படிப்பட்டவளா ஆக்கி வச்சிருக்கீங்க பாத்தியா? வியாதிக்காரிய வெளிய புடிச்சுத் தள்ளுறவ. அவ என் கட்டில்ல பயந்து பயந்து படுத்துட்டு, தலமுடி ஒண்ணு விழுந்துருச்சான்னு பொறுக்கிக்கிட்டுப் போறா. எனக்கு ஒரு பழி பத்தலன்னு ரெண்டாவது பழிய கூரை மேல ஏத்தி வச்சிருக்கீங்க. அதுக்குத்தான் எறக்குங்கிறேன்.

— சரிக்கா. ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. மச்சான் கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா?

— மாட்டேன்.

— பாத்தியா.

— மாட்டேன்னு சொல்லியிருப்பேன். நாலு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். தட்ட டங்குன்னு வச்சிருப்பேன். அஞ்சாவது நாளு வரச் சொல்லியிருப்பேன். அதுவரைக்கும் நிக்க அவருக்குத் தெம்பு இல்ல. பொய் சொல்ல மட்டும் நாலு மாசம் தெம்பு இருக்கு.

— எனக்கும் தப்புதான். மொதல்லயே ஒன்கிட்ட வந்திருக்கணும்.

— ஒன்ன அப்புறம் வச்சுக்கிறேன். நீ ஏணிய மடக்கு மொதல்ல.

— அப்போ எறக்க வேணாமா?

— ஓடு ஒடையும்னு நீதான சொன்ன. இருந்து தொலையட்டும்.

— அக்கா, இரு இரு. இன்னிக்கு புதன்கெழம.

— ஆமா. அதுக்கென்னா?

— திங்க, புதன், வெள்ளிதான் அவங்களுக்கு டயாலிசிஸ். இந்நேரம் முடிஞ்சிருக்கும். நீ லீவுன்னா மச்சான் இங்க கூட்டியாந்திருக்க முடியாதே. அப்போ அந்தக்கா எங்க? ஃபெரி ஸ்டேஷன்ல ஒக்கார வச்சிருப்பாரா? இந்த வெயில்ல மயக்கம் போட்டு விழுந்துரும்கா. நான் போன் அடிச்சுப் பாக்குறேன்.

— போன உள்ள வை. நான் லீவுங்கிறது ஒன் மச்சானுக்குத் தெரியாது. காலையில எப்பவும் போல பஸ்ஸுக்குப் போயி, அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்து, வீட்டப் பூட்டிக்கிட்டு உள்ள ஒக்காந்திருந்தேன். அவரு வாச கேட்டுல அவள எறக்கி வுட்டுட்டு லோரிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அவ சாவியப் போட முடியாம கதவுல சாஞ்சு நிக்கிறா. நான்தான் கதவத் தொறந்தேன்.

— அய்யோ. நீ என்னக்கா சொன்ன அவங்கள?

— ஒண்ணும் சொல்லல. கையப் புடிச்சுக் கூட்டியாந்து இந்த ரூம்புல படுக்க வச்சு, ஏர்கானப் போட்டு வுட்டுட்டு, ஒனக்கு போன் அடிச்சேன். இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கா. இவ்வளவு நேரமும் நான் ஒன்கிட்டயாடா பேசிக்கிட்டு இருந்தேன்?